செர்ரித் தோட்டத்தைத் தேயிலை மலைக்குக் கொண்டுவரும்போது

இலங்கை மலையகத்தின் போகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நண்பர்கள் சிலர் சேர்ந்து அந்தோன் செக்கோவின் ‘செர்ரித் தோட்டம்’ நாடகத்தைத் தேயிலைத் தோட்டத்துக் கதையாக மாற்றி ஒரு மணி நேரப் படமாக எடுக்கப் போகிறார்களாம். திரைக்கதையைப் படித்த எல்லாரும் “நாடகம் மாதிரியே இருக்கு” என்று சொல்லிவிட்டார்களாம். வசனத்தை வெட்டி, வெளிப்புறக் காட்சிகளைக் கூட்டினால் சரியாகிவிடுமா என்பது கேள்வி. பதிப்புரிமைச் சிக்கல் வருமா என்றும் கேட்டிருக்கிறார். தம்பி, உங்கள் கேள்வியின் அடியில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்: மேடைக்கென்று எழுதியதைப் படமாக்கும்போது எதை விடலாம், எதை விட்டால் நாடகமே போய்விடும்?

நான் நாடகமும் அரங்கியலும் படித்து, அதையே உயர்தர மாணவர்களுக்கு நீண்ட காலமாகக் கற்பித்து வருபவன். தோட்டங்களில் கூத்துக்காரர்களோடும் திருவிழா மேடைக்காரர்களோடும் வேலை செய்திருக்கிறேன். கமெராவுக்குப் பின்னால் நின்றவன் இல்லை. ஆகவே லென்ஸ், வெளிச்சம், ஒலிப்பதிவு பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதற்குத் தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாடகம் எப்படி வேலை செய்கிறது, படத்துக்குள் போகும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றி மட்டும் நம்பிக்கையோடு பேசுவேன்.

முதலில் அந்த ‘நாடகம் மாதிரி’ என்ற குறையைப் பார்ப்போம். நான்கு சுவருக்குள் நடப்பதாலோ நிறையப் பேசுவதாலோ ஒரு படம் அப்படி ஆகிவிடுவதில்லை. நம் தமிழ்ப் படங்களின் பாதி வரலாறே மேடையிலிருந்து வந்ததுதான். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம் 1954இல் ‘மனோகரா’ ஆனது. அதே ஆண்டில் எம். ஆர். ராதா தன் மேடை நாடகமான ‘ரத்தக்கண்ணீ’ரைத் திரைக்குக் கொண்டுவந்தார். 1959இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வந்தது. 1970இல் வந்த ‘வியட்நாம் வீடு’ பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள்தான் நடக்கிறது. இவற்றின் வசனத்தைத் தோட்டத்துத் திருவிழா மேடைகளில் மனப்பாடமாகப் பேசிய தலைமுறையில்தான் நானும் வளர்ந்தேன். அவற்றைப் பார்த்து யாரும் கொட்டாவி விட்டதில்லை.

வெளிநாட்டு உதாரணம் வேண்டுமானால் எலியா கசான் கதை பயன்படும். டென்னசி வில்லியம்சின் ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ நாடகத்தை 1951இல் படமாக்கியபோது, மேடையில் வெறும் பேச்சாக வரும் பழைய சம்பவங்களைக் காட்சிகளாக்கி, ஊரையும் பெரிய வீட்டையும் காட்டி அவர் முதலில் ஒரு திரைக்கதை தயாரித்தார். அது நாடகத்தின் உயிரை எடுத்துவிட்டது என்று கண்டு அதை ஒதுக்கிவிட்டுத் திரும்ப அந்தச் சின்ன வீட்டுக்குள்ளேயே போனார். அதோடு, படம் நகர நகர செட்டின் சுவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி வைத்தார். பிளான்ச் என்ற அந்தப் பெண்ணுக்கு மூச்சு முட்டுவது பார்ப்பவருக்கும் மூச்சு முட்டுவதாக மாறியது. ஃப்ளோரியன் செல்லர் தன் 2012ஆம் ஆண்டு நாடகத்தை 2020இல் ‘த ஃபாதர்’ என்று தானே இயக்கியபோது அனேகமாக ஒரு குடியிருப்பை விட்டு வெளியே போகவில்லை. நினைவு தப்பும் முதியவரைச் சுற்றித் தளபாடங்களும் சுவர் நிறமும் காட்சிக்குக் காட்சி சத்தமில்லாமல் மாறிக்கொண்டே இருக்கும். மேடையில் தூரத்திலிருந்து பார்த்த குழப்பம், படத்தில் நம் சொந்தக் குழப்பம் ஆகிவிடுகிறது. ஜோயல் கோயன் 2021இல் எடுத்த ‘மக்பெத்’தும் இந்த வகைதான்: கறுப்பு வெள்ளை, சதுரத்துக்குக் கிட்டிய சட்டகம், முழுவதும் அரங்குக்குள் கட்டிய செட்டுகள். வசனம் சேக்ஸ்பியருடையதே.

மறுபக்கத்தில் எல்லா வசனத்தையும் தூக்கி எறிந்தவர்களும் வென்றிருக்கிறார்கள். அகிரா குரோசாவாவின் ‘த்ரோன் ஆஃப் பிளட்’ (1957) அதே மக்பெத் கதை. ஆனால் சேக்ஸ்பியரின் வரி ஒன்றுகூட அதில் இல்லை. மூன்று சூனியக்காரிகளுக்குப் பதிலாகக் காட்டுக்குள் இராட்டை சுற்றும் ஒரே ஒரு ஆவி. மக்பெத் சீமாட்டியின் இடத்தில் வரும் பெண்ணின் முகமும் அசைவும் ஜப்பானிய நோ அரங்கின் முகமூடிகளிலிருந்து வந்தவை. நோ அரங்கை அவர் இடையில் ஒரு நடன நிகழ்ச்சியாகச் செருகவில்லை, நடிகையின் உடம்புக்குள் வைத்தார். நீங்கள் கூத்தைப் பற்றி யோசிக்கும்போது இது உதவும், பின்னால் வருகிறேன். 2021இல் திலீஷ் போத்தன் மலையாளத்தில் எடுத்த ‘ஜோஜி’யை நம் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும். மக்பெத்தைத் தழுவிய அந்தப் படத்தில் அரசனும் இல்லை, சூனியக்காரியும் இல்லை. கேரள மலைப்புறத்தில் காணியும் காசும் உள்ள ஒரு தகப்பன், அவர் கைக்குள் அடங்கிக் கிடக்கும் பிள்ளைகள், சமையலறையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் மருமகள், அவ்வளவுதான். நாற்புறமும் பச்சை. அந்தப் பச்சை ஒரு இடத்திலும் அழகுக்காகக் காட்டப்படவில்லை. அந்தக் காணியை விட்டு யாராலும் போக முடியாது என்பதைத்தான் அது சொல்லிக்கொண்டிருக்கிறது.

இதுவரை சொன்னவை படங்களைப் பார்த்தாலே தெரிபவை. இனி வருவது என் கணிப்பு, மாற்றுக் கருத்துள்ளவர்கள் இருப்பார்கள். ஒவ்வொரு நல்ல நாடகத்திலும் ஆட்களை ஒரே இடத்தில் கட்டிப்போடும் ஒரு நெருக்கடி இருக்கிறது. மேடை தன் சின்னப் பரப்பாலேயே அந்த நெருக்கடியைத் தந்துவிடும். படத்துக்கு வரும்போது அந்தச் சின்னப் பரப்பு போய்விடுகிறது. அதற்கு ஈடாக உங்கள் ஊரில், உங்கள் மக்களின் வாழ்க்கையில் அதே நெருக்கடியைத் தரக்கூடியது எது என்று கண்டுபிடிப்பவர் படம் எடுக்கிறார். கண்டுபிடிக்காதவர் அருவியையும் பனியையும் காட்டி நேரத்தை நிரப்புகிறார். ஹட்டன் வழி ரயிலும் மேகம் தவழும் மலையும் சுற்றுலா விளம்பரங்களில் ஏராளமாக வந்துவிட்டன. குரோசாவா ஃபூஜி மலைச்சரிவின் மூடுபனியைக் காட்டியது அதில் மனிதர்கள் வழி தவறுவதற்காக. உங்கள் படத்திலும் பனி ஏதாவது ஒரு வேலை செய்தால் மட்டும் வரட்டும்.

இனி ‘செர்ரித் தோட்டம்’. 1904 ஜனவரியில் மொஸ்கோ கலை அரங்கில் முதலில் மேடையேறியது. அதே ஆண்டு ஜூலையில் செக்கோவ் இறந்துபோனார். கதை உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடனில் மூழ்கிய ஒரு பிரபுக் குடும்பம். வெளிநாட்டிலிருந்து திரும்பிவரும் ரனேவ்ஸ்கயா அம்மாள், பில்லியர்ட்ஸ் ஆட்டப் பேச்சோடு காலத்தைக் கழிக்கும் அவரது அண்ணன் கயேவ். தோட்டம் ஓகஸ்ட் 22ஆம் திகதி ஏலத்துக்கு வருகிறது. பண்ணையடிமையாக இருந்தவர்களின் வாரிசான லொபாகின், மரங்களை வெட்டி நிலத்தைத் துண்டு போட்டுக் கோடை விடுதிகளுக்குக் கொடுங்கள், தப்பிவிடலாம் என்று மன்றாடுகிறான். யாரும் கேட்கவில்லை. கடைசியில் அவனே ஏலத்தில் எடுக்கிறான். இது நகைச்சுவை நாடகம் என்று செக்கோவ் சொன்னார். இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி அதைத் துயர நாடகமாகவே மேடையேற்றினார். அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை. என் சாய்வு செக்கோவ் பக்கம். ஆட்கள் சிரிக்கும்படி நடந்துகொள்ளும்போதுதான் அவர்கள் இழக்கப்போவது நமக்கு உறைக்கிறது. எல்லாரும் முதல் காட்சியிலிருந்தே கண்ணைக் கசக்கினால் கடைசிக் காட்சிக்கு ஒன்றும் மிஞ்சாது.

இந்த நாடகத்தை இலங்கைக்குக் கொண்டுவந்த முதல் ஆள் நீங்கள் இல்லை. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 2002இல் ‘வெகந்த வலவ்வ’ படத்தை இதைத் தழுவித்தான் எடுத்தார். மாலினி பொன்சேகா அந்த அம்மாளாக வருகிறார். லண்டனிலிருந்து திரும்பிக் கடன்பட்ட வளவுக்கு, அதாவது பரம்பரைப் பெரிய வீட்டுக்கு, வரும் குடும்பம், எண்பதுகளின் நாட்டுக் கொந்தளிப்பு. நிதானமான, அழகான படம். பாருங்கள். ஆனால் அது வளவின் உள்ளே நின்று வெளியே பார்க்கும் படம். நீங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். அதே கதையை வெளியே நின்று உள்ளே பார்க்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது. அதற்கான வாசல்களைச் செக்கோவே திறந்து வைத்திருக்கிறார்.

முதல் வாசல் ஃபீர்ஸ், எண்பத்தேழு வயது வேலைக்காரர். 1861இல் ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டதை அவர் ‘அந்தக் கேடு’ என்கிறார். விடுதலை வந்தபோது அதை வேண்டாமென்று சொல்லி எசமானர்களோடேயே தங்கிவிட்டதாகப் பெருமையோடு சொல்கிறார். அன்று எல்லாரும் சந்தோசப்பட்டார்கள், எதற்கென்று அவர்களுக்கே தெரியாது என்கிறார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் பங்களா அப்புமார், அதாவது துரை வீட்டு வேலைக்காரர்கள், ஞாபகம் வரும். “வெள்ளைக்காரத் துரை இருந்தப்ப எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு” என்று சொல்லும் பெரியவர்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஃபீர்சை ஒரு பங்களா அப்புவாக்குங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. அடிமை முறையும், தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய நம் கங்காணி முறையும் ஒன்றல்ல. 1861ஐ அப்படியே தூக்கி இங்கே ஒட்ட முடியாது. நம்மவரின் ‘கேடு’ எது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நம்மவரை நாடற்றவராக்கிய 1948இன் பிரசாவுரிமைச் சட்டமா, பலரை இந்தியாவுக்கு அனுப்ப வைத்த 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமா, 1972இலும் 1975இலும் நடந்த காணிச் சீர்திருத்தமா? கடைசியாகச் சொன்னதன் பிறகு கண்டி, மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் விரட்டப்பட்டு, பசியோடு வன்னிப் பக்கம் போனார்கள். பத்திரிகையில் ‘தேசியமயம்’ என்று வந்தது, அந்தக் குடும்பங்களுக்குப் பட்டினி என்று வந்தது. உங்கள் அப்பு அதைக் ‘கேடு’ என்று சொன்னால், பார்ப்பவர் அவரை அறியாதவர் என்று தள்ளிவிட முடியாது. செக்கோவின் ஃபீர்சைவிட அவர் வலுவான பாத்திரம் ஆகிவிடுவார்.

இரண்டாவது, லொபாகின். தன் தகப்பனும் பாட்டனும் அடிமைகளாக இருந்த, சமையலறைக்குள் கூட விடப்படாத வீட்டைத் தானே வாங்கிவிட்டேன் என்று மூன்றாம் அங்கத்தில் அவன் பேசுகிற பேச்சு எந்த நடிகனுக்கும் சவால். நம் ஊரில் அவன் யார்? பங்களாவின் முன்வாசலால் ஏறாத ஒருவரின் பேரன், கொழும்பில் கடை வைத்து முன்னுக்கு வந்தவன் என்று வைக்கலாம். இங்கே சட்டத்தைக் கவனியுங்கள். பெரிய தோட்டங்களின் காணி அரசுடையது. 1992இலிருந்து கம்பனிகள் அவற்றை நடத்துகின்றன, உரிமை அவர்களுடையதல்ல. அப்படியொரு தோட்டம் கடனுக்காக ஏலம் போகிறதென்று காட்டினால், விசயம் தெரிந்த எவரும் அந்த இடத்திலேயே படத்தை நம்பமாட்டார். 1972ஆம் ஆண்டுச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் வரை விட்டுவைத்தது. ஆகவே கதையை அந்த அளவுக்குள் அடங்கும் ஒரு தனியார் தோட்டத்தில் வையுங்கள். சின்னப் பங்களா, இரண்டு லயம், தூர்ந்துபோன ஒரு ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை. செலவும் குறையும், நெருக்கடியும் கூடும். வாங்கியவன் விடுதி கட்டப்போகிறான் என்பதை நம் பக்கத்தில் யாரும் கற்பனை என்று சொல்லமாட்டார்கள்.

செர்ரிப் பூவுக்கு ஈடாக என்ன காட்டுவது என்று நீங்கள் திண்டாடியிருப்பது திரைக்கதைச் சுருக்கத்தில் தெரிகிறது. தேயிலையையே காட்டலாம். கவ்வாத்து வெட்டாமல், கொழுந்து எடுக்காமல் விட்ட தேயிலை செடியாக நிற்காது. மரமாக உயர்ந்து, வெள்ளைப் பூவாய்ப் பூத்துவிடும். தோட்டத்துக்காரன் கண்ணுக்கு அந்தப் பூ கைவிடப்பட்டதன் அடையாளம். பங்களாவிலிருந்து பார்க்கும் அம்மாளுக்கு அது அழகு. அவர் யன்னலைத் திறந்து “எவ்வளவு அழகு!” என்று சொல்லும்போது, பக்கத்தில் நிற்கும் கொழுந்துக்காரப் பெண் பேசாமல் அதையே பார்க்கட்டும். இரண்டு வர்க்கத்தின் பார்வையும் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிடும். செக்கோவின் தோட்டமும் அந்த நிலையில்தான் இருக்கிறது. முன்பு செர்ரியைக் காயவைத்து வண்டி வண்டியாக மொஸ்கோவுக்கும் கார்க்கிவுக்கும் அனுப்பினார்கள் என்று ஃபீர்ஸ் சொல்கிறார். அந்தப் பக்குவம் இப்போது யாருக்கும் ஞாபகமில்லை.

மூன்றாவது வாசல்தான் என் பதிலின் மையம். நான்காம் அங்கம் தொடங்கும்போது மேடைக்கு வெளியே ஒரு முணுமுணுப்புக் கேட்கிறது. குடியானவர்கள் விடைபெற வந்திருக்கிறார்கள். ரனேவ்ஸ்கயா தன் கைப்பையில் இருந்ததை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வருகிறார். அவர்கள் மேடைக்கு வரவே மாட்டார்கள். காணி கைமாறினால் அவர்கள் எங்கே போவார்கள் என்று யாரும் கேட்பதும் இல்லை. மேடை அங்கே நின்றுவிடும். கமெராவுக்குக் கால் இருக்கிறது, அது அவர்களோடு நடந்து போகலாம். பங்களாவின் பின்கதவிலிருந்து காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தைத் தாண்டி, லயத்துக் காம்பராவுக்குள். காணி உறுதியும் இல்லாமல் வீட்டு உறுதியும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக அதற்குள் இருக்கும் ஒரு குடும்பம், அம்மாள் கொடுத்த காசை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வெளிப்புறக் காட்சி வேண்டும் என்று கேட்டீர்களே, உங்களுக்குத் தேவையான வெளிப்புறம் இதுதான். நாடகம் யாரை வெளியே நிறுத்தியதோ அவர்களிடம் போவதற்காக மட்டும் வீட்டை விட்டு வெளியேறுங்கள். மற்ற நேரமெல்லாம் பங்களாவுக்குள்ளேயே இருங்கள்.

இரண்டாம் அங்கத்தில் தூரத்தில் ஒரு தந்தி அறுந்ததுபோல ஒரு சத்தம் வரும். சுரங்கத்தில் தொட்டி அறுந்து விழுந்திருக்கும் என்பான் லொபாகின், ஏதோ பறவை என்பார் கயேவ். கடைசியிலும் அதே சத்தம், பிறகு கோடரிச் சத்தம். கொழுந்து மூட்டைகளை உச்சி மலையிலிருந்து ஸ்டோருக்குக் கம்பியில் தொங்கவிட்டு இறக்கிய காலம் ஒன்று இருந்தது. துருப்பிடித்த அந்தக் கம்பி இன்னும் ஒரு மரத்தில் மாட்டிக்கொண்டிருப்பதாக முதலிலேயே காட்டிவிட்டால், அது அறுவதை விளக்க ஒரு வசனமும் தேவைப்படாது.

வசனம் பற்றி. வெட்டத்தான் வேண்டும், ஆனால் நீளத்தைப் பார்த்து வெட்டாதீர்கள். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருக்கும் இடங்கள்தான் உங்களிடம் ‘நாடகம் மாதிரி’ என்று சொன்னவர்களை உறுத்தியிருக்கும். தோட்டத்தில் யாரும் சும்மா நின்று கதைப்பதில்லை. விறகு கட்டுவார்கள், ரொட்டி தட்டுவார்கள், கூடைக் கயிற்றைச் சரிபார்ப்பார்கள். ஒவ்வொரு உரையாடலுக்கும் கைவேலை ஒன்று கொடுத்துப் பாருங்கள். பாதி வசனம் தானே உதிர்ந்துவிடும். மொழியையும் தைரியமாகக் கையாளுங்கள். பங்களாக் குடும்பம் சிங்களமோ ஆங்கிலமோ பேசட்டும். எல்லாரையும் ஒரே தமிழில் பேசவைத்தால் யார் மேல் யார் கீழ் என்பது மறைந்துபோகும். ர்யூசுக்கே ஹமகுச்சியின் ‘டிரைவ் மை கார்’ (2021) படத்துக்குள் செக்கோவின் ‘வான்யா மாமா’வைப் பல மொழி நடிகர்கள் ஒரே மேடையில் அவரவர் மொழியில் நடிக்கிறார்கள். ஒருவர் சைகை மொழியில். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாத இடத்தில்தான் அங்கே நடிப்பு கூர்மையாகிறது.

காமன் கூத்தை எங்காவது சேர்க்கலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி, மதன் எரிந்து, ரதி புலம்பி, பிறகு அவன் உயிர்த்தெழும் அந்தக் கூத்தை நான் உயிராக நேசிக்கிறேன். அதனால்தான் யோசித்துச் செய்யுங்கள் என்கிறேன். ஏலம் நடக்கும் நாளில் பங்களாவில் விருந்து நடப்பது செக்கோவின் மூன்றாம் அங்கம். அதே இரவில் கீழே காமன் பொட்டலில் கூத்து நடக்கிறது என்று வைத்தால், ஓகஸ்டிலிருந்து மாசிக்கு ஏலத்தை நகர்த்த வேண்டும். அது பெரிய மாற்றமல்ல. தப்பு மேளத்தின் சத்தம் பங்களாவுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் கூத்தை இரண்டு நிமிட வண்ணக் காட்சியாக வைத்தால் அது வெளிநாட்டு விழாக்காரர்களுக்கான அலங்காரமாகிவிடும். ரதியின் புலம்பலை முழுதாக வையுங்கள், வெட்டாமல், ரதி வேடமிட்டவரின் முகத்தில் கமெராவை நிறுத்தி. ரதி வேடத்தில் இருப்பவர் லயத்தை இழக்கப்போகும் குடும்பத்து ஆளாக இருந்தால், அந்தப் புலம்பல் யாருக்காக என்று யாரும் எழுதிக் காட்டத் தேவையில்லை. அப்படி வைக்க இடமில்லையென்றால், கூத்தே வேண்டாம்.

கடைசியாகப் பதிப்புரிமை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. செக்கோவ் 1904இல் இறந்துவிட்டதால் அவர் மூலநாடகத்துக்குத் தடையில்லை. ஆனால் நீங்கள் கையில் வைத்திருக்கும் தமிழ் மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்த்தவரின் உரிமை தனியாக உண்டு. அந்த வசனத்தை அப்படியே எடுப்பதானால் அவரிடமோ குடும்பத்திடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கதையை மட்டும் எடுத்து வசனத்தைத் தோட்டத்துப் பேச்சில் நீங்களே எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை, படத்துக்கும் அதுதான் நல்லது. தோட்டத்துக்குள் படம்பிடிக்க முகாமையாளரின் அனுமதியையும் எழுத்திலேயே கேளுங்கள். லயத்துக்குள் பிடிப்பதானால் அந்த வீட்டுக்காரரிடம் தனியாகக் கேளுங்கள், முகாமையாளர் கொடுத்த அனுமதி அவர்கள் வீட்டுக்குள் செல்லாது. திரைக்கதையின் அடுத்த வரைவு ஆனதும் நான்காம் அங்கத்தை மட்டும் இங்கே போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.